ஜீரகம், வெல்லம், நூறு ஃபிரேம்

சாமராஜநகர் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு கணம் உண்டு. மணமகனுக்கும் மணமகளுக்கும் நடுவே துணி ஒன்றைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். அந்தர்பட என்பது அதன் பெயர். இருவர் கையிலும் வெற்றிலையில் ஜீரகமும் வெல்லமும். புரோகிதர் மந்திரத்தை முடித்ததும் திரை விலகும். விலகிய உடனே ஒருவர் தலைமேல் ஒருவர் அந்த ஜீரக வெல்லத்தை வைத்துவிட வேண்டும். யார் கை முந்துகிறது என்று பார்க்க இரண்டு வீட்டாரும் எக்கி எக்கி நிற்பார்கள். சின்னப் பிள்ளைகள் மேடையின் ஓரத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். நடப்பதெல்லாம் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒரு விநாடிக்கு என்ன நேரப்போகிறது என்பது, கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வீடியோக்காரர் எழுதிக் கொடுக்கும் கொட்டேஷன் தாளில் இருக்கிறது. டிரெடிஷனல் வீடியோ 1, கேண்டிட் வீடியோ 1, டிரோன், டீசர், ஹைலைட்ஸ், ஃபுல் ஃபிலிம். பக்கத்தில் தொகை. பெரும்பாலான மணமக்கள் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். எனக்கோ அந்த வரிகளை நிறுத்தி நிறுத்திப் படிக்கப் பிடிக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ பல வருடம் பழகிய கைவேலை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கல்யாணப் படம் பார்ப்பது, ராகம் தெரிந்து நாகசுரம் கேட்பது மாதிரி.

முதலில் அந்த விநாடியையே எடுத்துக்கொள்வோம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நம் நாட்டு வீடியோ, பழைய தொலைக்காட்சி முறையின் தொடர்ச்சியாக, 25. அதே விநாடியை 100 ஃபிரேமாக எடுத்து 25-ன் வேகத்தில் ஓட்டினால் அது நான்கு விநாடியாக விரியும். இதுதான் ஸ்லோ மோஷன். ஜீரக வெல்லம் இப்படி விரியும்போது, கூட்டத்தில் நின்ற எவரும் பார்த்திராத ஒரு நிகழ்ச்சி கிடைக்கிறது. மணமகளின் கை கிளம்பிவிட்டது, கண் மட்டும் இன்னும் திரையின் விளிம்பிலேயே இருக்கிறது. மணமகன் சிரிப்பை அடக்கப் பார்த்து உதட்டின் ஒரு கோடியில் தோற்கிறான். ஒற்றை ஜீரகம் தெறித்து, நெற்றியில் கட்டிய பாசிகத்தின் ஜரிகையில் மோதி, புருவத்தில் தங்குகிறது. இந்த நான்கு விநாடிக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் அது 100 ஃபிரேமில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 25-ல் எடுத்ததை எடிட்டிங்கில் இழுத்தும் வேகத்தைக் குறைக்கலாம். அப்போது கணினி, எடுக்கப்படாத படங்களுக்குப் பதிலாக இருப்பதையே திரும்பக் காட்டும், அல்லது தானே கற்பித்து நிரப்பும். முதல் வகையில் அசைவு விட்டு விட்டு வரும், இரண்டாவதில் விரல்கள் கூழாகக் கலங்கும். அதனால் கொட்டேஷனில் ‘ஸ்லோ மோஷன்’ என்று பார்த்தால், “எந்தெந்தச் சடங்கைக் கேமராவிலேயே ஸ்லோவா எடுப்பீங்கண்ணா?” என்று கேட்டுவிடலாம். தெரிந்தவர் முகம் அங்கேயே மலர்ந்துவிடும்.

அவரிடம் இன்னொரு நுணுக்கமும் இருக்கும். மண்டபத்து மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. நம் கண் அதைக் கண்டுகொள்வதில்லை, கேமரா விடாது. ஷட்டர் 50-ல் ஒரு பங்கு, 100-ல் ஒரு பங்கு என்று அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் படம் அமைதியாக இருக்கும். 100 ஃபிரேமுக்கு வழக்கமாக வைக்கும் ஷட்டர் 200-ல் ஒரு பங்கு. மண்டப வெளிச்சத்தில் அப்படி எடுத்தால் படம் மினுக்கத் தொடங்கும், அல்லது திரையில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். நல்ல ஒளிப்பதிவாளர் அந்த இடத்தில் விதியைத் தளர்த்தி 100-ல் ஒரு பங்குக்கு இறங்கிவிடுவார். அசைவு கொஞ்சம் மங்கும், வெளிச்சம் நிலைக்கும். முந்தைய நாள் மாலையே வெறும் மண்டபத்துக்கு வந்து விளக்குகளைப் போட்டுப் பார்த்து இதைத் தீர்மானித்துக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால், அவர் கேட்கும் தொகையில் பேரம் பேசாதீர்கள்.

இப்போது ஒலிக்கு வருகிறேன். தாளில் இதற்குப் பெரும்பாலும் தனி வரியே இருக்காது. கல்யாணப் படத்தின் உயிர் பாதிக்குமேல் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பல கேமராக்கள் ஸ்லோ மோஷன் முறையில் ஓடும்போது ஒலியைப் பதிவதே இல்லை. அதாவது தாலி கட்டும் நேரத்தை அழகாக விரித்து எடுத்த கேமராவில் கெட்டிமேளம் கிடையாது. சாமராஜநகர்ப் பக்கம் ஓலக என்று சொல்லும் நாகசுரமும் மேளமும் உச்சத்துக்கு ஏறும் அந்த அரை நிமிடம், தனியாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கேமராவிலோ ரெக்கார்டரிலோதான் இருக்கும். அங்கேயும் ஒரு சிக்கல். தாலிக்கு முந்தைய நிமிடம் புரோகிதரின் குரல் தாழ்ந்து போகும். மணமகளின் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்கும். கூட்டத்தில் யாரோ “சும்னிரு” என்று பிள்ளையை அதட்டுவார்கள். அடுத்த கணம் மேளம் இடியாக இறங்கும். தாழ்ந்த ஒலிக்கு மைக்கை ஏற்றி வைத்தால் மேளம் உடைந்து கரகரக்கும். மேளத்துக்கு இறக்கி வைத்தால் அம்மாவின் மூச்சு காணாமல் போகும். சில ஆண்டுகளாக வந்திருக்கும் ‘32 பிட் ஃப்ளோட்’ ரெக்கார்டர்கள் இரண்டையும் ஒரே பதிவில் தாங்குகின்றன. பிறகு எடிட்டிங்கில் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். கொட்டேஷனில் இந்தச் சொல்லைக் கண்டால், எழுதியவர் காதுள்ளவர் என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போடுவேன்.

காலர் மைக் யாருக்கு என்பதும் ரசனைக்குரிய கேள்வி. பொதுவாக மணமகனின் சட்டைக்குள் செருகிவிடுவார்கள். புரோகிதரின் மேல்துண்டில் இன்னொன்று இருந்தால் மந்திரம் முழுமையாகக் கிடைக்கும். தாரை வார்க்கும் நேரத்தில் மூன்றாவதாக ஒன்று மணமகளின் அப்பாவிடம் இருந்தால் அந்தப் படத்துக்கு ஈடே இல்லை. மணமக்கள் கைகள் கலசத்துக்குமேல் சேர்ந்திருக்க, பெற்றோரும் பிறகு உறவினரும் நீரும் பாலும் வார்ப்பார்கள். படம் பார்ப்பவர் கண்ணுக்கு அந்தத் தாரை தெரியும். அப்பாவின் மைக் இருந்தால், வார்த்து முடித்தபின் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் மகளிடம் சொல்லும் இரண்டு வார்த்தையும் கிடைக்கும். மைக் மாட்டியிருப்பதை அவரிடம் முன்பே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

டிரெடிஷனல், கேண்டிட் என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே இப்போது ஒரு ஏற்றத்தாழ்வு வந்துவிட்டது. முதலாவது பெரியவர்களைத் திருப்திப்படுத்த, இரண்டாவது நமக்காக என்று இளையவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் டிரெடிஷனல் பக்கம் நிற்கிறேன். வி.எச்.எஸ். கேசட் காலத்திலிருந்து வந்த கலை அது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த அந்த கேசட்டில், நம் நாட்டு முறையில் மூன்று மணி நேரம் பதிவாகும் வகைதான் கல்யாண வீடுகளில் புழங்கியது. தோளில் கேமராவும் பின்னால் கண்கூசும் விளக்கைத் தூக்கிய பையனுமாக, சடங்கை முதலிலிருந்து கடைசிவரை அறுக்காமல் எடுத்தார்கள். அந்த மரபில் வந்தவர் மேடையின் நடுவே நின்று, “சிக்கப்பா, இல்லி நோடி” என்று கன்னடத்தில் ஒருவரையும், “பெரியம்மா, கொஞ்சம் முன்னாடி வாங்க” என்று தமிழில் இன்னொருவரையும் கூப்பிடுவார். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சத்தியமங்கலத்திலிருந்து வந்த உறவும், தாளவாடியிலிருந்து வந்த உறவும் ஒரே வரிசையில் நிற்கும் ஊர் இது. யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்வது சாதாரணத் திறமை இல்லை. பரிசு கொடுத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் அத்தையின் முகத்தை ஐந்து விநாடி நிறுத்தி எடுப்பது அவர்தான்.

கேண்டிட் வேறு வகை அழகு. 2008-ல் கேனன் வெளியிட்ட 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமரா வீடியோவும் எடுத்தது. அதன் பெரிய சென்சாரும், முகம் மட்டும் தெளிந்து பின்னணி கரைந்துபோகும் லென்சுகளும், சினிமாவுக்கு மட்டுமே வாய்த்திருந்த ஒரு தோற்றத்தைச் சிறு ஊர் ஸ்டூடியோவுக்கும் கொண்டுவந்தன. அந்தக் கேமரா ஒரே மூச்சில் சுமார் 12 நிமிடம்தான் பதியும். துண்டு துண்டாக எடுத்துக் கோக்கும் இன்றைய ‘சினிமாட்டிக்’ பாணிக்கு அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கேண்டிட் எடுப்பவர் மேடைக்கு வருவதில்லை. தூணோரம் நின்று, தொலைவிலிருந்தே இழுக்கும் லென்சில், மருதாணி காய்ந்த விரலால் தங்கையின் கன்னத்தில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிடும் மணமகளைப் பிடிப்பார். கேமரா இருப்பது தெரிந்த முகத்துக்கும் தெரியாத முகத்துக்கும் உள்ள தூரமே அவருடைய சம்பாத்தியம். இரண்டு வரியும் தாளில் இருக்கட்டும். காசு போதவில்லை என்றால் டிரோனை வெட்டுங்கள், இவர்களில் எவரையும் வெட்டாதீர்கள்.

டிரோனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. மண்டபத்துக் கூரையும் நிறுத்திய கார்களும் மேலிருந்து எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. தெரிந்துகொள்ள வேண்டியது சட்டம். 2021-ம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலாகப் பறக்கவிடுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். சாமராஜநகர் மாவட்டத்தில் பந்திப்பூரும் பிளிகிரிரங்கன் மலையும் புலிகள் காப்பகங்கள். ‘ஹில் டிரோன் ஷாட்’ என்று பேக்கேஜில் சேர்த்திருந்தால், வனத்துறை அனுமதி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். யானைத் தடத்தின்மேல் எடுத்த காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

ஒளிக்கும் நிறத்துக்கும் வருவோம். இந்த மைசூர்ப் பக்கத்துக்குப் பெருமை சேர்த்தவர் ஒருவர் உண்டு. குரு தத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ படத்தில், வெறிச்சோடிய ஸ்டூடியோவுக்குள் சாய்ந்து இறங்கும் அந்த ஒளிக்கற்றையை 1959-ல் படைத்த வி.கே. மூர்த்தி, மைசூரில் பிறந்தவர். பெரிய கண்ணாடிகளை வைத்து வெளியிலிருந்த வெயிலைத் திருப்பி உள்ளே அனுப்பினார். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. 2008-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தபோது, ஒளிப்பதிவாளர் ஒருவர் அதைப் பெறுவது அதுவே முதல் முறை. கொட்டேஷனில் ‘நேச்சுரல் லைட்’ என்று எழுதுபவர்கள் அவருடைய வெயிலை நினைத்துக்கொள்ள வேண்டும். இருக்கிற வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடுவது ஒன்று. ஜன்னலோரம் மணமகளை அரை அடி நகர்த்தி உட்கார வைப்பதும், மேடையின் ஊதா விளக்குகளை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்வதும் வேறு. மஞ்சள் பூசிய முகத்தில் ஊதா விழுந்தால், பிறகு எந்த எடிட்டராலும் அந்த மஞ்சளை மீட்க முடியாது.

‘கலர் கிரேடிங்’ என்ற வரியில் உண்மையில் இரண்டு வேலை இருக்கிறது. இப்போது பலர் ‘லாக்’ முறையில் எடுக்கிறார்கள். பார்க்கச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், ஆனால் வெள்ளை வேட்டியின் மடிப்பும் கரும்பட்டின் நிழலும் இரண்டுமே உள்ளே பத்திரமாக இருக்கும். முதல் வேலை திருத்துவது: இரண்டு கேமராவிலும் ஒரே மணமகளின் நிறம் ஒன்றாகத் தெரியவேண்டும். இரண்டாவது, படத்துக்கு ஒரு சாயல் கொடுப்பது. அங்கேதான் ரசனை தவறுகிறது. குண்டுலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர் போகும் சாலையோரம் மழைக்காலத்தில் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் கண்ணுக்கெட்டிய தூரம் பூத்துக் கிடக்கும். அவுட்டோர் ஷூட்டுக்கு அதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. அந்த இரண்டு மஞ்சளும் ஒன்றல்ல. ஒன்றில் காவி கலந்திருக்கும், மற்றதில் எலுமிச்சை. கைக்குக் கிடைத்த சாயலை எல்லாப் படத்துக்கும் ஒரே அழுத்தில் பூசுபவர், இரண்டையும் ஒரே ஆரஞ்சாக்கி, வானத்தையும் வயலையும் பச்சை நீலமாக்கித் தருவார். அவர் முன்பு எடுத்த கல்யாணங்களில் கொள்ளேகாலப் பட்டு ஒன்று எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அரக்கும் மாம்பழ மஞ்சளும் அதனதன் நிறத்தில் நின்றால் நம்பலாம்.

டீசர், ஹைலைட்ஸ், ஃபுல் ஃபிலிம் என்பவை நீளத்தில் வேறுபடுபவை. அந்த நீளம் ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ மாறும், ஆகவே நிமிடக் கணக்கை எண்ணாக எழுதி வாங்குவது நல்லது. இதில் ‘ஸேம் டே எடிட்’ என்ற ஒன்றையும் சேர்த்துப் பெருந்தொகை கேட்பார்கள்: காலையில் எடுத்த முகூர்த்தத்தை மாலை வரவேற்பில் பெரிய திரையில் காட்டுவது. பழைய மைசூர்ப் பக்கம் பல வீடுகளில் ஆரதக்ஷதை என்னும் வரவேற்பு முந்தைய நாள் மாலையே நடந்துவிடும். காட்ட வேண்டிய நேரத்தில் முகூர்த்தமே நடந்திருக்காது. உங்கள் வீட்டு வரிசை எப்படி என்று பார்க்காமல் அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எடிட்டிங்கில் நான் மிகவும் ரசிப்பது, தாளில் யாரும் எழுதாத ஜே கட், எல் கட் இரண்டையும். அடுத்த காட்சியின் ஒலி முன்கூட்டியே வந்துவிடுவது ஜே கட். விடியாத சமையல் கொட்டகையில் ரவை வறுபடுகிறது. ஆவி, கரண்டி, அரைத் தூக்கத்தில் ஒரு முகம். அதன்மேல் எங்கிருந்தோ நாகசுரம் சுருதி சேர்க்கும் ஒலி. இரண்டு விநாடி கழித்துத்தான் படம் மேடைக்குப் போகிறது. எல் கட் இதன் மறுபுறம்: மாமனார் பேசிக்கொண்டே இருக்கிறார், படம் மட்டும் அவரை விட்டு மருமகளிடம் போய்விடுகிறது. பேச்சை நாம் அவள் முகத்தில் கேட்கிறோம். ஃபிளவர் எஃபெக்டும் இதய வடிவமும் போட்டு மிக்சிங் செய்த காலத்தைத் தாண்டி இந்தக் கலை எங்கே வந்திருக்கிறது என்பதற்கு இது போதும்.

சாமராஜநகருக்கே உரிய ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், இந்த ஊரில் 1774-ல் பிறந்த தம் தந்தை சாமராஜ உடையாரின் நினைவாக 1826-ல் கட்டிய சாமராஜேஸ்வரர் கோயிலின் தேரோட்டம் ஆஷாட மாதத்தில் நடக்கிறது. நம் ஆடியைப் போல ஆஷாடமும் புதுமணத் தம்பதியரைப் பிரித்து வைக்கும் மாதம். பிரிந்திருக்கும் அந்த ஜோடிகள் இந்தத் தேருக்கு வந்து சந்தித்துக்கொள்வார்கள். வாழைப்பழத்தில் தவனத்தைச் செருகித் தேரை நோக்கி எறிவார்கள். 2017-ல் தேருக்குத் தீ வைக்கப்பட்டது. புதுத் தேர் செய்யப்பட்டு 2022-ல்தான் மறுபடி ஓடியது. இடையில் கல்யாணமானவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்கவில்லை.

‘போஸ்ட் வெட்டிங் ஷூட்’ என்ற வரிக்கு இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமான நாள் எது? ஒரு கேமராவும் தொலைவு இழுக்கும் லென்சும் போதும். பகல் வெளிச்சத்தில் மின்விளக்கின் துடிப்பு இல்லை, 100 ஃபிரேமில் பயமின்றி எடுக்கலாம். பழம் கையை விட்டுக் கிளம்புவது, தவனத்தின் இலை ஒன்று காற்றில் கழன்று தனியே போவது, எறிந்தவள் எங்கே விழுந்தது என்று பார்க்காமல் பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பது என்று அத்தனையும் வரும். ஃபோகஸ் தேரிலிருந்து அவள் முகத்துக்கு வரும் அந்த நகர்வில் அவசரம் கூடாது. ஆயிரம் பேர் நடுவே அதை நிதானமாகச் செய்பவருடைய கையைத்தான் நான் பாராட்டுவேன்.

கடைசியாக ‘ரா ஃபுட்டேஜ்’. எடிட் செய்யாத முழுப் பதிவு. விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. இதைத் தனியாகக் கேட்டு வாங்காவிட்டால் சில மாதங்களில் அழித்துவிடுவார்கள், அவர்கள் இடப் பிரச்சினை அவர்களுக்கு. ஆறு நிமிட ஹைலைட்ஸில் இடம் பெறாத தாத்தாவின் முழு ஆசீர்வாதமும், ஓலகக்காரர் இடைவேளையில் தனக்காக வாசித்துக்கொண்ட ஒரு ராகமும் அதில்தான் இருக்கும்.

உரிமையிலும் ஒரு நுட்பம் உண்டு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரையே அந்தப் படத்தின் முதல் உரிமையாளராகக் கொள்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. அந்த ‘வேறு ஒப்பந்தம்’ பல ஸ்டூடியோக்களின் தாளில் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். அதேபோல, கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு ஒலிப்பதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. அதே பாட்டைக் கோத்த படத்தை இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம், ஒலியை அடைத்துவிடுவார்கள். உங்கள் மேளமும் உங்கள் வீட்டுக் குரல்களும் உள்ள படத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் படியுங்கள். உரிமை யாருக்கு, ரா ஃபுட்டேஜ் எப்போது, ஹார்டு டிஸ்க் யார் வாங்குவது, காலர் மைக் எத்தனை என்ற நான்கையும் பேனாவால் எழுதச் சொல்லி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.